பாக்கெட் மேசைக்காரன் நம்புவது

பிப்ரவரி 4

அன்பு மிளகுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் பேச ஆரம்பிக்கிறது. உன் சளி விட்டதா? காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய்?

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று கோடு போட்ட நோட்டு வாங்கக் கடைக்குப் போனேன். கடைப் பெண், "எந்தக் கிளாஸுக்கு சார்?" என்று கேட்டாள். ஐம்பத்தெட்டு வயது ஆள், எனக்குத்தான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. "அஞ்சாம் கிளாஸ்" என்றேன். "பையனா, பொண்ணா?" "பையன்." "நல்லாப் படிப்பானா?" "சுமாரா" என்றேன். அது ஒன்றுதான் உண்மை. அட்டையில் முயல் படம் போட்ட நோட்டைக் கொடுத்தாள். இந்தக் கடிதமும் அந்த முயலின் வயிற்றிலிருந்து கிழித்ததுதான்.

விஷயம் இது. எங்கள் லாண்டரிக்கு இந்த ஜூனில் முப்பது வயது. பழைய ஆட்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் எழுதி, விழாவில் மைக்கில் படிக்க வேண்டுமாம். மேனேஜரம்மாவின் ஏற்பாடு. பெரிய முதலாளியின் மகள்தான்; உனக்குத் தெரியும்.

"அண்ணே, தலைப்பு 'நான் நம்புவது'. உங்க மனசுல இருக்கறதை எழுதுங்க."

"நான் நம்பறது ஒண்ணுதாம்மா, பிளீச்சிங் பவுடர்."

"அப்ப அதையே எழுதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். துணியின் மேல் வைத்துக்கொண்டு சிரித்து ஒரு கோட்டின் முதுகு போன அனுபவம் அவருக்கு உண்டு.

போனில் கேட்கலாம் என்றால் அம்மா இரண்டாவது நிமிடமே பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்தவள். பிழை திருத்தி அனுப்பு. ஆரம்பம் இப்படி: "துவைக்கப் போகும் முன் எல்லாத் துணிகளின் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்ப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகப் பாக்கெட் மேசையில் நிற்கிறேன். உழைப்பே உயர்வு தரும் என்று நம்புகிறேன். ஒற்றுமையே பலம் என்று நம்புகிறேன். காலம் பொன் போன்றது என்றும் நம்புகிறேன்." இந்த மூன்றுக்கும் ஒரு பக்கம் வரவில்லை. கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சமாளித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கட்டாமல் உள்ளேயே இருக்கிறது. அம்மாவை மாடியில் துணி காயப்போட விடாதீர்கள். ஊர்த் துணியெல்லாம் பார்க்கிறவருக்கு வீட்டுத் துணி கனமா?

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கட்டுரை இல்லை, நோட்டின் பின்னட்டை. 'காலம் பொன் போன்றது' என்று நம்புகிறவர் ஏன் தினமும் பஸ்ஸைத் தவறவிடுகிறார்?

இங்கே கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டுகிறேன். கடைசி வரி தெரியாவிட்டால் பாதிப் பேர் தெரியவில்லை என்று சொல்வதே இல்லை. ஊகித்து எதையோ படிக்கிறார்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார், அதுக்குத்தானே வந்திருக்கீங்க" என்று நாள் முழுக்கக் கெஞ்சுகிறேன். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். ஊகிக்க வேண்டாம். அந்த மேசையில் நின்றுகொண்டு நீங்கள் உண்மையிலேயே நம்புவது எதுவோ அதை எழுதுங்கள். பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்கு நான் இருக்கிறேன்.

உங்கள் மிளகு


மார்ச் 3

அன்பு மிளகுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் இருமலைக் காலி பண்ணச் சொல்லி அம்மா நோட்டீஸ் விடுகிறாள். வெந்நீர் குடி.

நீ சிரித்தது நல்லதாகப் போயிற்று. எனக்கு ரோஷம் வந்து, ஒரே மூச்சில் வேறு எழுதிவிட்டேன். இது பொய்யில்லாத சரக்கு. மேனேஜரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அண்ணே, இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். நானும் ஏதோ பாக்கெட்டில் மறந்து வைத்தவன் மாதிரி தலையைச் சொறிந்தேன்.

முதல் பத்தி, மேசையைப் பற்றி. இரண்டாவது, பாக்கெட்டில் கிடைத்தவை. பல்செட், ராஜினாமாக் கடிதம், காகிதத்தில் சுற்றிய ஒரு பால் பல், மனைவி பெயர் இல்லாத காதல் கடிதம். எதுவானாலும் கவரில் போட்டு, டேக் நம்பர் எழுதி, பில்லோடு பின் அடித்து, துணியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சேர்ந்த அன்றே பெரிய முதலாளி சொன்ன சட்டம்: "கையில வந்தது கவர்ல போகணும். வாயில வரக் கூடாது."

மூன்றாம் பத்திதான் கட்டுரைக்கே உயிர் என்று மேனேஜரம்மா சொல்கிறார். அப்படியே எழுதுகிறேன்:

"இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கோட்டின் வெள்ளிப் பொத்தானைக் காணோம் என்று வந்து கத்தினார். கறை எடுக்கும் அக்காவை நோக்கி விரலை நீட்டினார். அக்கா, 'நான் எடுக்கலை' என்று ஒரே ஒரு தரம் சொன்னார். நான் நடுவில் போய் நின்றேன். 'அவங்க எடுக்கலைன்னு சொன்னா எடுக்கலைதான் சார்' என்றேன். இரண்டு நாள் கழித்துப் பொத்தான் அவர் வீட்டு மேசை டிராயரிலேயே கிடைத்தது. எடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், கண்ணால் காணாத வரை அதை நம்ப வேண்டும். சந்தேகம் என்பது கறை. ஒருமுறை பட்டால் எந்த மருந்துக்கும் போகாது. நான் நம்புவது இதைத்தான்."

எப்படி? உன் அப்பனுக்கும் எழுத வருகிறது பார்த்தாயா! தாளை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு.

பெருமையில் சட்டைப் பொத்தான் தெறிக்கும் நிலையில் இருக்கும்
உன் அப்பா


மார்ச் 31

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

கட்டுரையைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் பத்தியில் இரண்டு பிழை, இரண்டாம் பத்தியில் ஒன்று. மற்றபடி சரியாக இருக்கிறது. வேலை அதிகம்.

தங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்பு மிளகுக்கு,

சுகம்தானே? ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தை அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கே?" என்று என்னைக் கேட்டாள். ஏதோ நான் மடித்து வைத்துக்கொண்ட மாதிரி.

'தங்கள் மகள்' என்று எழுதியிருந்தாய். நான் என்ன தாசில்தாரா? காய்ச்சலா? வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா? உன் பக்கத்து மேசைக்காரி நல்லவளா, இல்லை எட்டிப் பார்ப்பவள் மட்டும்தானா?

இங்கே பெரிய மெஷின் ஒன்று படுத்துவிட்டது. மூன்று நாளாகத் துணி மலையாகக் குவிந்து, அதன் பின்னால் நான் நிற்பதே தெரியவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்று மேனேஜரம்மா நினைத்துக்கொண்டார்.

இன்னொன்று. நீ திருத்தி அனுப்பிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாக்கெட் மேசைக்காரன் புத்தி. மூன்றாம் பத்தியில் நீ எதையும் திருத்தவில்லை. ஆனால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். அழுத்தி வைத்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது. அது என்ன புள்ளி? பிழையா?

பிழை என்றால் பிழை என்று எழுது.

உன் அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். காய்ச்சல் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிழை என்றால் எழுதச் சொன்னீர்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு. விளையாட்டு வாத்தியாரின் ஸ்டாப் வாட்ச் காணாமல் போயிற்று. விளையாட்டு அறைக்குள் கடைசியாகப் போனவள் நான். கோணியில் பந்துகளைப் போட்டுக் கட்டிவைக்கப் போனேன். உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். வேலையிலிருந்து நீல ஏப்ரனோடு அப்படியே வந்தீர்கள். கையெல்லாம் துணிப் பஞ்சு. நான், "எடுக்கலைப்பா" என்றேன். ஒரு தரம் இல்லை. எத்தனை தரம் என்று எனக்கே கணக்கு இல்லை. நீங்கள் என் பக்கம் திரும்பாமல் வாத்தியாரையே பார்த்துக்கொண்டு, "சார் எதுக்கும்மா பொய் சொல்லப் போறாரு?" என்றீர்கள். அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்.

மறுநாள் காலை எல்லா வகுப்பும் கூடி நிற்கும்போது நானே முன்னால் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் என்னை நிறுத்திப் பழக்கினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "நான்தான் எடுத்தேன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கணும்." மூன்றாவது தடவை நன்றாகச் சொன்னேன். "அவ்வளவுதான், முடிஞ்சிடும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். கடுமையாகக்கூட இல்லை நீங்கள். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

மறுநாள் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் எந்த ஓட்டப் பந்தயத்திலும் ஓடவில்லை. கால் வலி என்று சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதவில்லை. கறை அக்காவுக்காக நீங்கள் நடுவில் போய் நின்றது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பத்தியை என்னால் திருத்த முடியாது.

அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகள்


மே 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுக்கிறோம்.

ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் வாத்தியார் சொன்னால் வேதம். நான் எட்டாவதோடு நிறுத்தியவன்; பள்ளிக்கூட வாசலை மிதித்தாலே எனக்கு முதுகு தானாக வளையும். அவர்கள் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன். பெற்றவன் தெரியாமல் செய்த தப்பு. தெரியாமல் செய்ததைப் பெரிது பண்ணாதே.

மூன்றாம் பத்தியை எடுத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாகப் பிளீச்சிங் பவுடரைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.

மெஷின் சரியாகிவிட்டது.

அப்பா


மே 14

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதற்கு முன் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. அதில் 'தெரியாமல்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நகைச்சுவையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

நீ அசெம்பிளியில் நின்று ஏழு மாதம் ஆகியிருக்கும். குளிர் முடிந்து, எல்லோரும் கனத்த துணிகளைச் சலவைக்குப் போட வந்த சமயம். விளையாட்டு வாத்தியாரின் மேல் ஜாக்கெட் என் மேசைக்கு வந்தது. கருநீலம், கையில் இரண்டு வெள்ளைக் கோடு. வலது பாக்கெட்டில் சீட்டி. இடது பாக்கெட்டில் ஒன்றும் இல்லை, ஓட்டை மட்டும். ஓட்டைப் பாக்கெட் என்றால் அதோடு விட மாட்டோம். உள்துணி வழியாகப் பேனா, சாவி எல்லாம் கீழே இறங்கி மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும். மெஷினில் போனால் டிரம்மைக் கிழித்துவிடும். அதனால் அடிமடிப்பை விரலால் நீவிப் பார்ப்பது வழக்கம். நீவினேன். வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது.

ஓட்டை வழியாகவே திரும்ப ஏற்றி வெளியே எடுத்தேன். முதுகில் பள்ளிக்கூடத்தின் நம்பர் நகப்பூச்சில் சிவப்பாக எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்த அதே நம்பர். பொத்தானை அமுக்கினேன். ஓடியது. அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. இஸ்திரி அண்ணன், "என்னப்பா, மணி பாக்கறியா?" என்றார். "ஆமா" என்றேன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கவரில் போட்டேன். 'ஸ்டாப் வாட்ச் 1' என்று எழுதினேன். பின் அடித்தேன்.

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். கவரைத் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. என்னை யாரென்று அவருக்குத் தெரியும்.

"வேற யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"எப்படி உள்ள போச்சுன்னே தெரியலை."

"பாக்கெட்ல ஓட்டை சார்."

"ஓ."

அவ்வளவுதான் பேச்சு. அவர் நின்றார். நானும் நின்றேன். யாராவது ஒருவர் உன்னைப் பற்றி ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் ஆரம்பிக்கவில்லை, சரி, அவர் உன்னைப் பெற்றவர் இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தைச்சிட்டேன் சார், இனிமே விழாது" என்றேன். ஆமாம், மிளகு. அந்த ஓட்டையைத் தைத்தும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். நீ மேசையில் ஏதோ வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து, "என்னப்பா?" என்றாய். "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் நீ சிரித்துக்கொண்டிருந்தாய், எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டேன். அடுத்த நாள் நீ சிரிக்கவில்லை, இப்போது வேண்டாம் என்று விட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் போய், நான் போட்ட கையெழுத்து பொய் என்று எப்படிச் சொல்வது? ஒரு வருடம் போனதும் இன்னொரு வெட்கம் சேர்ந்துகொண்டது: இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே. பெரிய முதலாளியின் சட்டம் வேறு கைக்கு வாகாக இருந்தது. கையில் வந்தது வாயில் வரக் கூடாது. எவ்வளவு நேர்மையான வேலைக்காரன் பார்!

கறை அக்காவுக்காக ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அக்காவுக்காகச் சொன்னது உனக்காகச் சொல்ல வேண்டியது. பதிமூன்று வருடம் தாமதமாக, முகவரி மாறிப் போய்விட்டது.

அம்மாவுக்கும் தெரியாது. இதுவரை யாருக்கும் தெரியாது.

அப்பா


ஜூன் 6

அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் வராமல் பயந்திருப்பீர்கள். நேற்று அம்மா போனில், நீங்கள் தபால்காரரைத் தெருமுனை வரை போய்ப் பார்க்கிறீர்கள் என்று சிரித்தாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில்தான் இருந்தீர்கள், இல்லையா? மூச்சு கேட்டது.

ஒன்று சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த மாதிரி நானும் வைத்திருந்தது. அன்று அத்தனை பேர் முன்னால் "நான்தான் எடுத்தேன்" என்று சொன்ன பிறகு, எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. பந்துக் கோணியைக் கட்டும்போது கையில் பட்டதோ? எங்காவது வைத்துவிட்டேனோ? எடுத்திருந்தாலும் எடுத்திருப்பேனோ? வாத்தியார் பொய் சொல்ல மாட்டார், அப்பா பொய் சொல்ல மாட்டார், அப்படியென்றால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதானே. பதினைந்து வருடம், அப்பா. இன்றைக்கும் வேலையில் ஏதாவது காணோம் என்று யாராவது சொன்னால், முதலில் என் பையை நானே திறந்து பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பரிசோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அழவில்லை. எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மன்னிப்பு வேண்டாம். அதைக் கடிதத்தில் கேட்டுவிடலாம், சுலபம். எனக்கு வேறு ஒன்று வேண்டும். அன்று நான் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னேன். நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் விழாவில், மைக்கில், 'நான் நம்புவது' என்று வாசிக்கும்போது. நான் எடுக்கவில்லை, அது உங்களுக்குத் தெரியும் என்று. அங்கே இருக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமலிருக்கலாம். பரவாயில்லை. யாராவது காதால் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவும் அங்கே வருவாள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

மகள்


ஜூன் 11

அன்பு மகளுக்கு,

கிடைத்தது. சொல்கிறேன். மூன்றாம் பத்தியை அடியோடு மாற்றி எழுதிவிட்டேன். நீ திருத்த வேண்டியதில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். வாளி நிரம்பி வழிகிறது. அம்மா கதவைத் தட்டி, "குளிக்கறீங்களா, பிரசங்கம் பண்றீங்களா?" என்கிறாள். விழா இருபதாம் தேதி, காலை பத்து மணி. அந்த நேரத்தில் நீ என்னை நினைத்துக்கொள்.

கட்டாயம் சொல்கிறேன்.

அப்பா


ஜூன் 21

அன்பு மிளகுக்கு,

நீ நலமா? அம்மா நலம். நான் இருக்கிறேன்.

நேற்று விழா நடந்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு, துணி மடிக்கும் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது, எழுபது பேர் இருக்கும். மெஷின் ஓடாத லாண்டரியில் பேசினால் குரல் எங்கேயோ போய் முட்டித் திரும்பி வருகிறது. முதலில் இஸ்திரி அண்ணன் வாசித்தார். அவர் நம்புவது நீராவியை. இரண்டே நிமிடம், நல்ல கைதட்டல். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் பத்திக்குச் சிரித்தார்கள். இரண்டாம் பத்தியில் பல்செட் வந்ததும் கூடமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர், "அது என் மாமனாருது!" என்று கத்தினார். இவ்வளவு பேர் என் பேச்சுக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். மூன்றாம் பத்திக்கு வந்தேன்.

பாதி வாசித்தேன், மிளகு. "கறை அக்காவை நம்பினேன்" என்பது வரை வாசித்தேன். அக்கா முந்தின நாளே யாரிடமோ கேள்விப்பட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். என் பெயர் சொல்லப் போகிறார் பார் என்கிற மாதிரி முகம். அவருக்குப் பக்கத்தில் உன் அம்மா. பையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

அடுத்த வரி உன்னுடைய வரி. கண் அதன் மேல் நின்றது. வாய் திறந்துதான் இருந்தது. "அதனால்" என்றேன். மைக்கில் அந்த 'அதனால்' கூடத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு, "அதனால் நம்பிக்கைதான் முக்கியம் என்று கூறி விடைபெறுகிறேன், நன்றி" என்றேன்.

பயங்கரக் கைதட்டல். மேனேஜரம்மா எனக்கு ஒரு குடை கொடுத்தார். கறை அக்கா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என் பொறந்த வீட்டுல கூட எனக்காக யாரும் இப்படிப் பேசினதில்ல" என்று அழுதார். அவர் கை என் கையில் இருந்தபோது எனக்கு உன் பன்னிரண்டு வயது ஞாபகம் வந்தது. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கடைசில தாளைப் பாத்துக்கிட்டே நின்னீங்களே, ஏதாவது விட்டுப்போச்சா?"

"கையெழுத்து புரியலை" என்றேன்.

"உங்க கையெழுத்து உங்களுக்கே புரியலையா?" என்று அவள் சிரித்தாள். பஸ் நிற்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதியிருக்கலாம். நீ இங்கே வந்து விசாரிக்கப் போவதில்லை. காலையில் அப்படி ஒரு கடிதம் எழுதவும் எழுதினேன். ரொம்ப நன்றாகவே வந்திருந்தது. மடித்து உறையில் போட்ட பிறகு, உன்னை நாற்காலியில் உட்கார வைத்து நான் மறுபடியும் ஊகிக்கச் சொல்கிறேன் என்று பட்டது. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பள்ளிக்கூடமே கூடி நிற்க நீ பன்னிரண்டு வயதில் செய்ததை, எழுபது பேர் முன்னால் ஐம்பத்தெட்டு வயதில் என்னால் செய்ய முடியவில்லை.

இன்று அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை அடுப்படி வரை போனேன். "என்ன வேணும்?" என்றாள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

நீ எப்போது எழுதுகிறாயோ அப்போது எழுது. எழுதாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள். தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கேட்டார்கள். வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பையில்தான் இருந்தது. மூன்றாம் பத்தியில், "அதனால்" என்று நான் தாண்டிப்போன இடத்தில், கூடத்தில் யாரும் கேட்காத வரி இது:

"என் மகள் அந்தக் கடிகாரத்தை எடுக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் சொன்ன ஒரே பொய், 'நான்தான் எடுத்தேன்' என்பது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்."